வேளாங்கண்ணி: நிலமும் பெயரும் வரலாறும்

பேரூர்களின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் கைகொடுக்கும். தஞ்சைக்கும் நாகைக்கும் குடந்தைக்கும் அவ்வாறு எழுதப்பட்ட நூல்கள் பலவுள. ஆனால், அப்பேரூர்களின் நிழலில் வாழ்ந்த சிற்றூர்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலடியிலேயே தடுமாறுகின்றனர். ஜெர்மானிய நாட்டில் ஒரு சிறு வட்டத் தலைநகர்க்கும் அதன் ஆறு, மண், தேவாலயப் பதிவேடு, நகராண்மை ஆவணம் ஆகியவற்றைத் தொகுத்துக்கூறும் ஊர்நூல் ஒன்று இருத்தல் வழக்கம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் அத்தகைய ஒரு சிறு நகரே. அவர் வந்து தங்கிய தரங்கம்பாடியின் அன்றாட நிகழ்ச்சிகள் ஹாலே நகருக்கு மடல்களாகச் சென்று, அங்கே அச்சேறி நிலைபெற்றன. தரங்கம்பாடிக்குத் தெற்கே, அதே கடற்கரையில், நாகைக்கு அப்பால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த வேளாங்கண்ணிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நாடிவரும் அவ்வூரைப்பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி திருத்தல வரலாறே. ஊர் வரலாறு அன்று. இவ்விரண்டும் வேறுவேறு என்பதை மனத்திற்கொண்டு, நிலம், பெயர், வரலாறு என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

நிலம்

கல்லணையில் பிரியும் காவிரியின் கிளைகளுள் வெண்ணாறு தென்பகுதியை வளஞ்செய்வது. அது மீண்டும் வெட்டாறு, வெள்ளையாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பலவாகக் கிளைத்துச் செல்லும். இவற்றுள் வெள்ளையாறு வேளாங்கண்ணிக்குத் தென்புறத்தே கடலொடு கலக்கின்றது. அதன் வடகரையில் வேளாங்கண்ணியும் தென்கரையில் செருதூரும் உள்ளன. ஆகவே வேளாங்கண்ணியைக் கடற்கரையூர் என்று மட்டும் கூறுதல் குறைபாடுடைத்து. அது ஓர் ஆற்றுமுகத்தூர் என்க.

ஆற்றுமுகத்தூர் எனினும் பூம்புகார் போன்ற துறைமுகமாக இது வளரவில்லை. காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரியின் கிளைகள் கடலை அணுகுந்தோறும் நீர் குறைந்து மெலிவன. வழியெங்கும் வாய்க்கால்கள் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. மெலிந்த ஆற்றின் முகத்தைக் கடல் மணலால் அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அம்மணலை உடைத்துக்கொண்டு பாயும். கோடையில் மீண்டும் மணல்மேடு எழும். மீன்பிடி படகுகளுக்கு இம்முகத்துவாரம் போதும், பெருங்கலங்களுக்குப் போதாது. எனவே கலங்கள் நாகையை நாடின. வேளாங்கண்ணி சிற்றூராகவே நின்றது.

கடலிலிருந்து மேற்கே செல்வோர் முதலில் மணற்பரப்பையும், அதனையடுத்து உப்புக் கலந்த தாழ்நிலத்தையும், பின்னரே வயலையும் காண்பர். நெய்தலும் மருதமும் ஓரிரு கிலோமீட்டருக்குள் கைகோத்து நிற்கும் இந்நிலையைத் திணைமயக்கத்திற்கு எடுத்துக்காட்டாக மாணாக்கர்க்குக் காட்டலாம். வயல்கள் கடைமடையைச் சார்ந்தவை. மேட்டூர் அணை 1934இல் முடிவுற்றபின் காவிரிப்பாசனம் ஒழுங்குபட்டதாயினும், கடைமடைக்கு நீர் வருவது தலைமடையில் எஞ்சியதைப் பொறுத்ததே. ஆற்றுநீர் தவறின் கடல்நீர் உள்ளேறும், நிலத்தடிநீர் உவர்க்கும். மணல்மேடுகளின் அடியில் மழைநீர் தங்கி நன்னீராக நிற்பதே இப்பகுதியார்க்குக் குடிநீர்க்கு வழி. மணல்மேட்டைக் கரைத்தல் கிணற்றைத் தூர்த்தலை ஒக்கும் என்பதை முன்னையோர் அறிந்திருந்தனர். வேளாங்கண்ணிக்கு வடக்கேயுள்ள தெற்குப் பொய்கைநல்லூரின் உயர்ந்த மணல்மேடு 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது தன் பின்னிருந்த குடியிருப்பைக் காத்தது.

புயல் இக்கரைக்குப் புதிதன்று. 1952 நவம்பர் இறுதியிலும், 1977 நவம்பரிலும், 2018 நவம்பர் 16இல் 'கஜா' என்னும் பெயருடனும் நாகைக் கரையைப் பெரும்புயல்கள் தாக்கின. மூன்றும் கார்த்திகையை ஒட்டிய நாள்களில் நிகழ்ந்தமை நோக்கத்தக்கது. இக்குறிப்பைப் பின்னர் ஒரு செய்திக்குப் பயன்படுத்துவோம்.

பெயர்

ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946இல் 'ஊரும் பேரும்' எழுதிய பின்னர் ஊர்ப்பெயராய்வு தமிழ்த்துறைகளில் தனியொரு பகுதியாக வளர்ந்தது. வளர்ந்த அளவிற்கு அது நெறிப்பட்டதா என்பது வேறு. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பெயர்ப்பொருள் காணும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. வேளாங்கண்ணி அவ்வழக்கிற்குப் பெரிதும் இரையான பெயர்.

முதலாவது கருத்து, இறுதிச்சொல் 'கன்னி' என்பதாகும். கன்னி மரியாளின் கோயில் இருத்தலால் கன்னி என்னும் பெயர் எய்திற்று என்பர். இது பொருந்தாது. வழக்கில் ணகர எழுத்தே நிலைபெற்றுள்ளது. ணகர னகர மயக்கம் தமிழில் அரிதன்று என்று மறுப்பாரும் உளர். அவர்க்கு விடையாக அண்மையிலுள்ள கருங்கண்ணி என்னும் ஊரைச் சுட்டலாம். கன்னி மரியாளொடு எத்தொடர்பும் கூறப்படாத அவ்வூர்ப்பெயரும் அதே ஈற்றைக் கொண்டுள்ளது. ஒரே வட்டாரத்தில் இரண்டு ஊர்கள் ஒரே ஈற்றைப் பெற்றிருப்பின், அவ்வீறு அவ்வட்டாரத்திற்குப் பொதுவாயிருந்த ஒரு சொல்லாதல் வேண்டும்; ஒரூரில் மட்டும் நிகழ்ந்த நிகழ்ச்சியால் வந்ததாகாது. (கருங்கண்ணி என்பது ஒருவகைப் பருத்திக்கும் பெயர். பருத்தி விளையாத இவ்வுவர்நிலத்தில் அப்பொருளுக்கு இடமில்லை என்பதைச் சொல்லிவைக்கின்றோம். அதனையும் ஒருவர் எழுதாதிருக்கும் பொருட்டே.)

இரண்டாவது கருத்து, 'கண்ணி' என்பது கண்ணையுடையவள் எனப் பொருள்படும் அம்மன் பெயர் என்பது. இதற்கு வட்டாரச் சான்று வலிமையாகவே உள்ளது. நாகைக் காரோணத்து இறைவியாகிய நீலாயதாட்சிக்குக் கருந்தடங்கண்ணி என்பது தமிழ்ப்பெயர். சிக்கல் கோயில் இறைவி வேல்நெடுங்கண்ணி. கருந்தடங்கண்ணிக்கும் கருங்கண்ணி என்னும் ஊர்க்கும், வேல்நெடுங்கண்ணிக்கும் வேளாங்கண்ணிக்கும் உள்ள ஒப்புமை எவர்க்கும் தோன்றுவதே. ஆயினும் 'வேல்நெடுங்கண்ணி' எனும் தொடர் 'வேளாங்கண்ணி' ஆதற்கு இடைநிலை வடிவம் ஒன்றேனும் காட்டப்படுதல் வேண்டும். 'நெடு' என்னும் பகுதி முழுதும் எவ்வாறு மறைந்தது என்பதற்கு இக்கருத்தினர் விடையளிப்பதில்லை.

மூன்றாவது, மரப்பெயர்க் கருத்து. பூல், வேல், ஆல் என்னும் மரப்பெயர்கள் வல்லெழுத்தோடு புணருங்கால் அம்முச்சாரியை பெறும் எனத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியல் விதிக்கின்றது. வேலங்கோடு, ஆலங்கோடு என்பன உரைகாரர் காட்டுவன. இவ்விதிப்படி வேல் என்பதும் கண்ணி என்பதும் புணர்ந்து 'வேலங்கண்ணி' என்றாதல் முறை. உவர்நிலத்தில் வேலமரம் செழித்து வளர்வது கண்கூடு. கண்ணி என்பதற்குப் பூங்கொத்து, மாலை, வலை எனப் பல பொருளுண்மையும் அறிந்ததே. எஞ்சுவன இரண்டு இடர்ப்பாடுகள்: அகரம் ஆகாரமாக நீண்டது ஏன்? லகரம் ளகரமானது ஏன்? முன்னதற்கு விடை எளிது. புளியங்கொட்டை பேச்சுவழக்கில் புளியாங்கொட்டை ஆகின்றது. வேப்பங்கொட்டை வேப்பாங்கொட்டை ஆகின்றது. அம்முச்சாரியை பேச்சில் நீளுதல் நாடறிந்த செய்தி. பின்னதற்கு அத்துணைத் தெளிவான விடையில்லை. ஆனால் அருகிலுள்ள கீழ்வேளூர், தேவாரம் பெற்ற பழம்பதி. 'வேள்' என்னும் சொல் அவ்வட்டாரத்தார் நாவிற்குப் பழகியது. பழகிய சொல்லின் பக்கம் பழகாத வடிவம் சாய்தல் மொழியியல்பு.

ஐரோப்பியர் எழுதிவைத்த வடிவங்கள் இச்சிக்கலை அவிழ்க்கா என்பதையும் கூறுதல் வேண்டும். உரோம எழுத்தில் அவர்கள் லகரளகரங்களை வேறுபடுத்தவில்லை. ணகர னகரங்களையும் வேறுபடுத்தவில்லை. ஆகவே எத்துணைப் பழைய போர்த்துகீசிய ஆவணம் கிடைப்பினும், நாம் தேடும் எழுத்து அதில் இராது. இவ்வூர்ப்பெயரைத் தமிழெழுத்தில் காட்டும் பழைய கல்வெட்டோ ஓலையோ கிடைக்கும்வரை மூன்றாவது கருத்தே இலக்கண நெறிக்கு அண்மையது என்று கொள்கின்றோம்.

இத்துணை விரிவாக ஒரு பெயரை ஆராய்தற்குக் காரணமுண்டு. அண்மைக்காலத்தே இப்பெயராய்வு புலமைக்களத்தை விட்டு வழக்காடு களத்திற்குச் சென்றுவிட்டது. பெயர் அம்மனுடையதாயின் கோயிலும் அம்மனுடையதே என்று ஒருசாரார் எழுதுகின்றனர். பெயர் கன்னியுடையதாயின் ஊரே கன்னியால் தோன்றிற்று என்று மற்றொருசாரார் எழுதுகின்றனர். இரண்டும் தருக்கப் பிழை. ஊர்ப்பெயர் ஊர்க்கு உரியது. ஊரின் ஒரு மூலையில் எழுந்த கட்டடத்தின் தோற்றத்தை அது மெய்ப்பிக்காது, பொய்ப்பிக்கவும் செய்யாது. கோயில் மரபே ஊர் முன்னமே இருந்ததாகத்தான் கூறுகின்றது. மோர் விற்ற சிறுவனும் பால் கொண்டுசென்ற சிறுவனும் வாழ ஊர் ஒன்று வேண்டுமன்றோ?

மரபுச் செய்திகளும் காலமும்

தலமரபு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறும். குளக்கரையில் பால் கொண்டுசென்ற சிறுவனுக்கு அன்னை காட்சியளித்தது ஒன்று. நடுத்திட்டு என்னுமிடத்தில் மோர் விற்ற கால்முடச் சிறுவன் நலம்பெற்றது மற்றொன்று. புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரைசேர்ந்து, நேர்ந்துகொண்டபடி சிற்றாலயம் எழுப்பியது மூன்றாவது. முதலிரண்டும் ஊர்மக்களின் வாழ்வில் நிகழ்ந்தவையாகச் சொல்லப்படுவன. இவற்றின் காலத்தை வரையறுக்கும் ஆவணம் எதுவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டு, பதினேழாம் நூற்றாண்டு எனப் பொதுவாகக் கூறுவர். நம்பிக்கையின் உண்மையை ஆராய்தல் எம் பணியன்று. மரபு தன்னுள்ளே பொதிந்துவைத்துள்ள காலக்குறிப்பை வெளிக்கொணர்தல் எம் பணி.

மூன்றாவது செய்தியில் அத்தகைய குறிப்பு ஒன்று உளது. கலம் மக்காவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்றதென்று மரபு கூறும். போர்த்துகீசியர் மக்காவில் நிலையாகக் குடியேறியது 1557இல். கொழும்பு அவர்கள் கையைவிட்டு டச்சுக்காரரிடம் சென்றது 1656இல். நாகையை டச்சுக்காரர் கைப்பற்றியது 1658இல். ஆகவே மரபு கூறும் வழியில் ஒரு போர்த்துகீசியக் கலம் சென்றிருக்குமாயின், அது இந்த நூறாண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆண்டைச் சுட்டிச் சொல்ல இயலாது; எல்லையைச் சுட்டலாம்.

நாளைப்பற்றி ஒரு தடை எழுகின்றது. மாலுமிகள் கரைசேர்ந்தது செப்டம்பர் 8, மரியன்னையின் பிறந்தநாள் என்பர். சீனக்கடலிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பாய்க்கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்றை நம்பிச் சென்றன. அக்காற்று வீசுவது குளிர்காலத்தில். சோழமண்டலக் கரையின் பெரும்புயல்களும், மேலே காட்டியவாறு, அக்டோபர் முதல் திசம்பர் வரையிலேயே மிகுதி. செப்டம்பர் முற்பகுதி கலம் வருதற்கும் புயல் எழுதற்கும் ஒருங்கே ஏற்ற காலமன்று. எனவே செப்டம்பர் 8 என்பது நிகழ்ச்சி நடந்த நாளைக் குறிப்பதினும், திருச்சபை நாட்காட்டியின்படி ஆலயத்தை ஒப்புக்கொடுத்த விழா நாளைக் குறிப்பதாகக் கொள்ளுதல் பொருத்தமாகும். நம் கோயில்களிலும் தலபுராணம் கூறும் நாளும் விழா நாளும் ஒன்றாக்கப்படுதலை மாணாக்கர் அறிவர். இதனால் மரபின் மதிப்புக் குறைவதில்லை. மரபு எவ்வாறு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றது என்பதே தெளிவாகின்றது.

நாகையின் நிழல்

வேளாங்கண்ணியின் வரலாறு நாகையின் வரலாற்றோடு பின்னியது. முதலாம் இராசராசன் காலத்தில் சீவிசய அரசர் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரமும், அதற்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டமையைக் கூறும் செப்பேடுகளும், அச்செப்பேடுகள் பின்னர் லெய்டன் நகரைச் சென்றடைந்தமையும் யாவரும் அறிந்தவை. கடல்கடந்து வந்த சமயத்தார்க்கு இக்கரையில் இடமளித்தல் பதினோராம் நூற்றாண்டிலேயே வழக்காயிருந்தது என்பதை மட்டும் இங்கு நினைவிற்கொள்வோம். அவ்வழக்கின் கண்கண்ட சான்றாய் நின்ற சீனக்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இடித்தோரும் அதற்கு இசைவளித்தோரும் அதன் மதிப்பை அறியாதவரல்லர். அறிந்தும் இடித்தனர் என்பதே வருந்தத்தக்கது.

டச்சுக்காரர் நாகையைக் கைக்கொண்டபின் கத்தோலிக்கர் நிலை மாறிற்று. சீர்திருத்தச் சபையினராகிய டச்சுக்காரர் தம் கோட்டையெல்லைக்குள் கத்தோலிக்க வழிபாட்டை விரும்பவில்லை. நாகையைச் சூழ்ந்து அவர்க்கு உரிமையாக்கப்பட்ட ஊர்களாகப் புத்தூர், அந்தணப்பேட்டை, மஞ்சக்கொல்லை, நரியங்குடி முதலியன கூறப்படுகின்றன. வேளாங்கண்ணி அப்பட்டியலில் இல்லை. அது தஞ்சை மன்னர் ஆட்சியிலேயே நின்றது. நாகைக் கத்தோலிக்கர்க்கு நடந்துசெல்லும் தொலைவில், டச்சுக்காரர் ஆணை செல்லாத ஓர் ஆலயம் இருந்தமையே வேளாங்கண்ணி வளர்ச்சிக்கு முதற்காரணம் என யாம் கருதுகின்றோம். துறைமுகமாகாத குறையும், நாகையின் எல்லைக்கு வெளியே நின்ற நிலையும் இவ்வூர்க்கு ஊறாகாமல் உதவியாயின.

நாகையின் கிளைத்தலமாயிருந்த வேளாங்கண்ணி 1771இல் தனிப்பங்காயிற்று. பத்தாண்டு கழித்து 1781இல் ஆங்கிலேயர் நாகையைக் கைப்பற்றினர். 1799இல் தஞ்சை நாடு அவர் ஆட்சிக்குட்பட்டபோது, மாவட்டத் தலைநகர் முதலில் நாகையிலேயே அமைந்தது. 1845 வரை அங்கிருந்து, பின்னர் தரங்கம்பாடிக்கும் அதன்பின் தஞ்சைக்கும் மாறிற்று. 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை இடப்பட்டது. ஆனால் அப்பாதை நாகையோடு நின்றது. வேளாங்கண்ணிக்குச் செல்வோர் எஞ்சிய வழியை வண்டியிலோ நடந்தோ கடந்தனர். அந்த 10 கிலோமீட்டரை இருப்புப்பாதை கடந்தது 2010இல். இடையில் ஒன்றரை நூற்றாண்டு!

ஆலயம் 1920களின் தொடக்கத்திலும் 1933இலும் விரிவுபெற்றது. 1952இல் தஞ்சை மறைமாவட்டம் மயிலை மறைமாவட்டத்தினின்று பிரிந்தது. 1962 நவம்பர் 3இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் இவ்வாலயத்தைச் சிறு பசிலிக்காவாக உயர்த்தினார். 1991இல் நாகை மீண்டும் மாவட்டத் தலைநகராயிற்று.

இலக்கியச் சான்று இன்மை

தமிழ்த்துறையினராகிய நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி அன்னைமீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அதனால் அச்சிற்றூர் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. வேளாங்கண்ணிக்கு அவர் காலத்தில் அத்தகைய புலவர் வாய்க்கவில்லை. இயேசு சபையாரின் மதுரைப் பணித்தளம் உள்நாட்டில் தமிழ்ப்புலமையை வளர்த்தது; பிரான்சிஸ்கு சபையார் பொறுப்பிலிருந்த நாகைக் கரையில் அத்தகைய மரபு வேர்கொள்ளவில்லை. ஆகவே வேளாங்கண்ணியின் இலக்கியம் வாய்மொழி இலக்கியமாகவே நின்றது: நடைப்பயணிகள் பாடும் பாட்டு, நேர்த்திக்கடன் கதை, தாலாட்டு, ஒப்பாரி.

இவற்றைத் தொகுப்பது அவ்வளவு எளிதன்று. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் விழாவிற்கு வருவோர் தமிழர் மட்டுமல்லர்; கிறித்தவர் மட்டுமல்லர். மொட்டையிடல், நடைப்பயணம், தேர் ஆகியவை பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பொதுவானவை. இச்சடங்குகளைக் குறிக்கும் சொற்களும் பொதுவானவையே. 'நேர்ந்துகொள்ளுதல்', 'வேண்டுதல்', 'காணிக்கை' என்பன எச்சமயத்துக்கும் தனியுரிமையல்ல. பெயரைக்கொண்டு வழக்காடுவோர் இச்சொற்களையும் ஒருமுறை நோக்குவாராக.

ஊரார்

பத்தாயிரத்தைச் சற்றே கடந்த மக்கட்டொகை உடைய பேரூராட்சி இன்று வேளாங்கண்ணி. விழாக்காலத்தில் அதனைப் பன்மடங்கு விஞ்சிய கூட்டம் அங்குத் தங்குகின்றது. கடலோரத்து மீனவர், மேற்கே வயலுழுவோர், கோயிலைச் சூழ்ந்த வணிகர் என மூவகையினராக ஊரார் பிரிந்து வாழ்கின்றனர். வருவோர் காண்பது மூன்றாம் வகையினரை மட்டுமே.

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்பு விழாவிற்கு வந்து தங்கியவர்கள் காலையில் கடற்கரையிலும் கடைவீதியிலும் நிறைந்திருந்தனர். ஆழிப்பேரலை கரையையும் கடைகளையும் வாரிக்கொண்டது. ஆலயத்தினுள் நீர் புகவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் இறந்தோர் பல நூற்றுவர். வெளியூரிலிருந்து வந்தோரில் பலர் இன்னார் என்று அறியப்படாமலே அடக்கம் செய்யப்பட்டனர். உறவினர் வந்து தேடுவதற்குப் பெயர்ப்பட்டியலே இல்லாத ஊரில், எத்தனைபேர் தங்கியிருந்தனர் என்பதை எவர் சொல்வார்? பயணியர் தொகையைப் பதிவுசெய்யாத ஊர், மாண்டோர் தொகையையும் முழுதும் அறிய இயலாத ஊராயிற்று.

பதிவு என்னும் சொல்லே இவ்வாராய்ச்சிக்கு இனிச் செல்ல வேண்டிய வழியைக் காட்டுகின்றது. 1771இல் தனிப்பங்கானது உண்மையாயின், ஞானத்தீக்கை, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்தல் அப்பங்கின் கடமை. திரெந்து பொதுச்சங்கம் 1563இலேயே திருமணப் பதிவை விதித்தது. நாகைப் பங்கின் பழைய ஏடுகளோடு அவற்றை ஒப்பிடின், எவ்வெக்குடியினர் எக்காலத்தில் வேளாங்கண்ணியில் வாழ்ந்தனர் என்பது புலப்படும். 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவுகளும், தஞ்சை மாவட்டப் பைமாஷ் கணக்குகளும் நிலத்தைப்பற்றிக் கூறுவன; தமிழெழுத்தில் எழுதப்பட்ட கிராமக் கணக்கில் இவ்வூர்ப்பெயர் லகரத்தோடு உள்ளதா ளகரத்தோடு உள்ளதா என்பதையும் அங்கே காணலாம். கோயிலுக்கு மேற்கே வயலோரத்துக் குடியிருப்புகளில் முதியோர் இவ்வூர்ப்பெயரை எவ்வாறு ஒலிக்கின்றனர் என்பதை ஒலிப்பதிவு செய்தல் முதுகலை மாணாக்கர் ஒருவர் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடிய பணி. செருதூரில் தொடங்குவது நன்று. ஆற்றின் தென்கரையில் இருத்தலால் விழாக்கூட்டத்தின் மொழி அங்கே குறைவாகவே கலந்துள்ளது.